கை குடுக்காத மருமகன்

இல்லைப் பிள்ளை, ஒருத்தரும் இல்லை, இரும். இந்தப் பையை நான் காலுக்கடியில வைக்கிறன். நீர் தமிழ் எண்டு ரெலிபோனில கதைச்சுக்கொண்டு பஸ்ஸில ஏறேக்கையே விளங்கிட்டுது. இந்தியாவோ? தஞ்சாவூர்ப் பக்கமோ. நோர்த் பேயில படிக்கிறீராக்கும். நல்லதாப் போச்சு. நீர் வந்திருக்காட்டி ரொறொன்ரோ போய்ச் சேருமட்டும் நான் இந்த யன்னலோடதான் சண்டை பிடிச்சுக்கொண்டு வந்திருப்பன்.

ஓம், சண்டைதான். எனக்கு இப்ப சரியான கொதி. கொதி எண்டா கோவம். உங்கட பக்கம் அப்பிடிச் சொல்லமாட்டினமோ?

ஆரோட எண்டு கேட்கிறீரோ? என்ர மருமகனோட. மகளின்ர புருசன், சேந்தன் எண்டு பேர். நான் ஐஸ் தண்ணிக்குள்ள கழுத்துமட்டும் தாண்டுபோய்க் கிடக்கிறன் பிள்ளை, அந்த மனுசன் எனக்குக் கை குடுக்கேல்லை. இருபது அடி தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டு கயிறு எறியிறார். மாடு பிடிக்கிற மாதிரி. கட்டின பெட்டையின்ர தாய்க்கு! இண்டைக்கு ஒன்பது நாள். இன்னும் எனக்கு அது நெஞ்சுக்குள்ள நிக்குது.

முதல்ல இருந்து சொல்லுறன், கேளும்.

நாங்கள் ஸ்காபரோவில இருக்கிறம், இருபத்தெட்டு வருசம். எனக்கு ஒரே மகள், நிரோஜா. அவளைக் கட்டிக் குடுக்கேக்க இவர் பாங்கில கொம்பியூட்டர் வேலை. டை கட்டிக்கொண்டு வந்துதான் பெண் பாத்தவர். நாலு வருசத்துக்கு முன்னால ஒருநாள், ஒரு சொல் கேளாமல், வேலையை விட்டுட்டார். விட்டுட்டு என்ன செய்தவர் தெரியுமோ? இந்த நிப்பிசிங் ஏரிக் கரையில ஒரு வீட்டை வாங்கி, எட்டுக் கொட்டில் அடிச்சார். மரக் கொட்டில், அடியில சறுக்குக் கட்டை பூட்டினது. ஏரி உறைஞ்சு இறுகினவுடன அதுகளை இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கு மேல நிப்பாட்டுறது. கொட்டிலின்ர அடிப் பலகையில துளை இருக்கும், அதுக்கு நேர கீழ ஐஸிலயும் துளை போடுறது. சனம் உள்ளுக்க ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கதிரையில இருந்து, துளைக்குள்ள தூண்டிலை விட்டு மீன் பிடிக்கும். கொட்டிலுக்கு வாடகை. இதுதான் பிள்ளை இப்ப அவற்ற தொழில்.

மீன் பிடிக்கிறது குறைஞ்ச வேலை எண்டு நான் சொல்லேல்லை. எங்கட ஊரும் கடற்கரைதான். ஆனா பாங்கை விட்டுட்டு ஆரும் ஒரு துளைக்குப் பக்கத்தில போய்க் குந்துவினமே? நான் எங்கட சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது? கலியாண வீடுகளில கேப்பினம், மருமகன் என்ன செய்யிறார் எண்டு. நான் 'வடக்கில பிசினஸ்' எண்டுபோட்டு சாப்பாட்டுப் பக்கம் எழும்பிப் போயிடுவன்.

அண்டையில இருந்து நான் அவரோட நேர கதைக்கிறேல்லை. கோவம் எண்டு சொல்ல ஏலாது. எங்கட அம்மாவும் மருமக்களோட நேர கதைக்கமாட்டா. கதவுக்குப் பின்னால நிண்டு, 'அவருக்கு இன்னும் சோறு போடட்டோ எண்டு கேள்' எண்டு எங்களிட்டச் சொல்லுவா. நானும் அப்பிடியே பிடிச்சன். 'நிரோஜா, அவரிட்டச் சொல்லு.' 'நிரோஜா, அவரிட்டக் கேள்.' அவர் பக்கத்திலதான் நிப்பார், காது கேக்கும். அவரும் விடேல்லையே. 'மாமியிட்டச் சொல்லும்' எண்டு அவளுக்குச் சொல்லுவார். அவள் நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் தலையாட்டுவாள். நாலு வருசம் இப்பிடி. ஒரு பிரச்சினையும் வரேல்லை.

இந்த வருசம் மாசி கடைசியில நிரோஜா விழுந்து மணிக்கட்டை முறிச்சிட்டாள். ஸ்காபரோவில இருந்து எங்கட ஆக்கள் வான் வானா வருவினம், மீன் பிடிக்க எண்டு சொல்லிப்போட்டு. உண்மையில வாறது சாப்பிட. பெரிய கொட்டில் ஒண்டு சமையலுக்கெண்டே வச்சிருக்கு. பிடிச்ச மீனை அந்தச் சூட்டோட குழம்பு வச்சு, புட்டோட குடுக்கிறது. அவள் கையைக் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு என்னெண்டு புட்டுக் குழைக்கிறது? 'அம்மா, ரெண்டு கிழமை வந்து நில்லுங்கோ' எண்டாள். போனன். மகளுக்காகப் போனன், அவருக்காக இல்லை.

போன முதல் நாளே தொடங்கிட்டுது சட்டம். கரையில இருந்து வானிலதான் ஐஸுக்கு மேல போறது. வான் கரையை விட்டு இறங்கினவுடன சொல்லுறார், 'மாமியைப் பெல்ட்டைக் கழட்டச் சொல்லும்.' நான் நினைச்சன் பிழையாக் கேட்டுட்டுது எண்டு. பெல்ட் போடேல்லை எண்டு பொலிஸ் எனக்குத் தண்டம் எழுதின நாடு இது! பேந்து யன்னலை இறக்கச் சொல்லுறார். வெளியில மைனஸ் பதினெட்டு. எனக்குக் காது ரெண்டும் கழண்டு விழுற மாதிரிக் கிடக்கு. ஐஸ் உடைஞ்சு வான் இறங்கினா யன்னலாலதான் வெளிய பாயலாமாம், பெல்ட் கிடந்தா மாட்டிக்கொள்ளுமாம். செத்தவீட்டுக் கார் மாதிரி ஊர்ந்து ஊர்ந்துதான் ஓடுவார். கெதியா ஓடினா ஐஸுக்குக் கீழ தண்ணி அலை எழும்பி, முன்னுக்கு ஐஸை உடைக்குமாம். வழி நெடுகலும் பைன் கொப்பு நட்டு வச்சிருக்கிறார். அந்தக் கொப்பை விட்டு அங்கால ஒரு முழம் போகக் கூடாது.

நடக்கிறதுக்கும் சட்டம். முன்னுக்கு அவர் அலவாங்கால குத்திக் குத்திப் போவார். இரும்புக் கம்பி பிள்ளை, நாங்கள் ஊரில குழி கிண்டுறது. இவர் அதால ஐஸைக் குத்திச் சத்தத்தைக் கேப்பார். மற்ற எல்லாரும் ஆளுக்காள் இருபது அடி தள்ளித்தான் வரோணும். கோவிச்சுக்கொண்ட சனம் மாதிரி. நான் மகளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தா, 'மாமியைத் தள்ளி வரச்சொல்லும்.' கழுத்தில ரெண்டு ஆணிக் கட்டையைக் கயித்தில கோத்து மாலை மாதிரிப் போட்டுவிடுறது. விழுந்தா அதை ஐஸில குத்தி ஏறோணுமாம். அறுபத்தொரு வயசில நான் ஏறப்போறன்! அதைவிட ஒரு சிவப்பு உடுப்பு, தண்ணியில மிதக்கிறது. போட்டா ஆள் பூசணிக்காய். அவர் பாக்கேக்க போடுவன், அங்கால போனவுடன கழட்டிப்போடுவன். அடுப்புக்குப் பக்கத்தில நிண்டு அதோட ஆர் சமைக்கிறது?

பின்னேரத்தில துளை போட்டு, கோலை விட்டு, ஐஸ் எத்தினை அங்குலம் எண்டு அளந்து போர்டில எழுதி வைப்பார். பதினேழு. பதினாறரை. பக்கத்தில கொட்டில் வச்சிருக்கிற றொலண்ட் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர், அந்த ஏரியிலயே பிறந்து வளந்த மனுசன், அவரே பாத்துச் சிரிப்பார். 'உன்ர மருமகன் ஐஸைப் பிள்ளை வளக்கிற மாதிரிப் பாக்கிறான்' எண்டு என்னட்டச் சொன்னவர். எனக்கு அவற்ற இங்கிலீசு பாதிதான் விளங்கும், ஆனா இது விளங்கிச்சுது.

இத்தினை சட்டம் போட்ட மனுசனுக்கு, பிள்ளை, சமையல் கொட்டில் வாசல் வழுக்கும் எண்டு தெரியேல்லை. பாரும்! சனம் ஈரச் சப்பாத்தோட உள்ளுக்கும் வெளியுக்கும் நடந்து நடந்து வாசல் கண்ணாடி மாதிரி. ரெண்டாம் நாளே ஒரு மனுசி சாப்பாட்டுத் தட்டோட சறுக்கி விழுந்தா. புட்டு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். நான் நிரோஜாவிட்டச் சொன்னன், 'வாசலுக்கு ஏதாவது போடச்சொல்லு.' அவர் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து தூவிப்போட்டுப் போயிட்டார். மணல்! அடுத்த நாள் அந்த மணலுக்கு மேலயே ஐஸ். எனக்கு விசர் வந்திட்டுது.

எங்கட ஸ்காபரோ வீட்டு வாசலைக் கேளும். ஒரு குளிர் மாரிக்கும் ஒருத்தரும் விழுந்ததில்லை. ஒருக்கா விழுந்தது, கடிதம் கொண்டுவாற மனுசன், கனகாலத்துக்கு முன்னால. வழக்குப் போடுவன் எண்டு வெருட்டினவன். அண்டையில இருந்து நான் விடியக் காலமை எழும்பின உடன முதல் வேலை வாசலுக்கு உப்புப் போடுறதுதான். அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி. கறி உப்பு இல்லை, ஐஸுக்குப் போடுற உப்பு, இருபது கிலோப் பையா விக்கிறது. தெருவெல்லாம் கொட்டிக் கிடக்கும், கண்டிருப்பீர்.

அப்ப நான் என்ன செய்தனான், நிரோஜாவுக்கு மருந்து வாங்கிற சாக்கில, வந்த ஆக்களின்ர வானில போய்ப் பக்கத்துக் கடையில மூண்டு பை வாங்கிப் போட்டன். காலமை கால் வாளி, மத்தியானம் கால் வாளி, வெளிக்கிடேக்க கால் வாளி. வாசல் வடிவா இளகிட்டுது. ஒரு மனுசரும் விழேல்லை! வந்த ஆக்களெல்லாம், 'அன்ரி, இஞ்சதான் பயமில்லாமல் நடக்கலாம்' எண்டவை. கொஞ்சம் சொதசொதவெண்டு தண்ணி நிண்டது, அதுக்கு நான் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு மூடினன். அந்த விரிப்புக்குக் கீழயும் உப்பு. செய்யிறதை ஒழுங்காச் செய்யோணும்.

ஏன் பிள்ளை முகம் ஒரு மாதிரிப் போகுது? பொறும், முடிக்கிறன்.

எட்டாம் நாள். அந்தக் கிழமை வெயில் கொஞ்சம் எறிச்சது, குளிர் குறைஞ்சிருந்தது. பத்து மணியிருக்கும். நான் கழுவின தண்ணி வாளியோட வெளிய காலை வைக்கிறன், விரிப்புக் கீழ போகுது. சத்தம் கூட இல்லை. ஒரு படியில இறங்குற மாதிரி இறங்கினன், அடுத்த படி இல்லை. தண்ணி. குளிர் எண்டு அதைச் சொல்ல ஏலாது பிள்ளை. நெஞ்சை ஆரோ ரெண்டு கையாலயும் பிடிச்சு இறுக்கின மாதிரி, மூச்சு உள்ள போகுது, வெளிய வரேல்லை. முழங்கை ரெண்டும் விளிம்பில தட்டுப்பட்டு நிண்டுட்டுது. அந்தச் சிவப்பு உடுப்பும் இல்லை, ஆணி மாலை அடுப்புக்குப் பக்கத்தில தொங்குது. விளிம்பைப் பிடிக்கப் பிடிக்க அது உடைஞ்சு கையோட வருது.

நான் குளறிக் கத்தினன். பக்கத்துக் கொட்டிலில இருந்த ரெண்டு பேர், எங்கட ஸ்காபரோ ஆக்கள், நல்ல மனுசர், 'ஐயோ அன்ரி' எண்டு ஓடி வருகினம். கை குடுக்க ஓடி வருகினம். அப்ப இவர் வாறார். வந்து என்ன செய்தார்? அவையைப் பாத்துக் கத்துறார், 'நில்லுங்கோ! கிட்டப் போகாதேங்கோ! ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!' காப்பாத்த வந்த சனத்தைத் தடுக்கிறார் பிள்ளை! அவை அப்பிடியே நிண்டுட்டினம்.

பேந்து அவர் இருபது அடியில விழுந்து படுத்தார். நான் 'கையைத் தா, கையைத் தா' எண்டு கத்துறன். நாலு வருசத்துக்குப் பிறகு நான் அவரோட கதைச்ச முதல் கதை அதுதான். அவர் கையைத் தரேல்லை. கயித்தை எறிஞ்சார். நேர என்ர முகத்தைப் பாத்து அதட்டுறார், 'மாமி, கமக்கட்டுக்குள்ள மாட்டுங்கோ! காலை அடியுங்கோ! பின்னுக்கு அடியுங்கோ! எழும்பாதேங்கோ!' இழுக்கிறார், நான் வயிறு தேய ஐஸுக்கு மேல வாறன். எழும்பப் பாத்தா, 'எழும்பாதேங்கோ எண்டெல்லே சொன்னனான், உருளுங்கோ!' உருளட்டாம். அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னால, நனைஞ்ச சீலைத் துணி மாதிரி என்னை உருள வச்சார். நானும் உருண்டன். வேற என்ன செய்ய?

ஆசுப்பத்திரியில டொக்டர் சொல்லுறார், உங்கட மருமகன் செய்ததுதான் சரி, கிட்ட வந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்கள், அந்த ரெண்டு பேரும் வந்திருந்தா நாலு பேர். நிரோஜா மொழிபெயர்த்துச் சொல்லுறாள். எனக்கும் விளங்கிச்சுது. விளங்கினா என்ன? மனசு கேக்குமே? ஒரு கை. ஒரு கை நீட்டியிருந்தா நான் அந்தக் கையை வாழ்நாள் முழுக்க மறந்திருக்கமாட்டன்.

கதை அதோட முடிஞ்சிருந்தா நான் இந்த பஸ்ஸில இருக்கமாட்டன். இனித்தான் எனக்குக் கொதி ஏத்தின விசயம்.

வீட்டை வந்தால், ஆள் அறையை விட்டு வெளிய வரேல்லை. சாப்பாடு இல்லை. ஏரிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருத்தர் வந்து கேட்கிறார், என்ன நடந்தது எண்டு. இவர் சொல்லுறார், 'என்ர பிழை. நான் அளந்தது நாப்பது அடி தள்ளி. வாசலில அளக்கேல்லை.' றொலண்ட் வந்து தலையைச் சொறியிறார். அந்த இடத்தில நீரோட்டமும் இல்லை, ஊத்தும் இல்லை, என்னெண்டு நடந்தது எண்டு கேக்கிறார். இவர் மூண்டே நாளில எட்டுக் கொட்டிலையும் கரைக்கு இழுத்துப்போட்டார். வரவிருந்த ஆக்களுக்கெல்லாம் வரவேண்டாம் எண்டு அறிவிச்சார். 'விக்கப்போறன்' எண்டார்.

ஓம் பிள்ளை, விக்கிறார். இண்டைக்கு ரெண்டு மணிக்கு வாங்கிற ஆக்கள் வந்து ஏத்திக்கொண்டு போகப்போகினம். அதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல்தான் நான் வெளிக்கிட்டனான்.

ஏன் எண்டோ? நீர் சந்தோசப்படோணுமே அன்ரி எண்டு கேக்கிறீர். கேளும், நானும் அதைத்தான் என்னட்டக் கேட்டனான். நாலு வருசமா நான் நேந்து கேட்டது அதுதானே, இந்தத் தொழில் ஒழியோணும் எண்டு. முந்தநாள் சுவருக்கு அங்கால அவர் நிரோஜாவிட்டச் சொல்லுறது கேட்டது. 'எனக்கு ஐஸைப் பாக்கத் தெரியேல்லை. தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். உம்மட அம்மாவைக் கொண்டுபோய் அந்த இடத்தில விட்டிருக்கிறன். இனி என்னை நம்பி ஒருத்தரையும் ஏரிக்கு மேல கூட்டிக்கொண்டு போகமாட்டன்.' அவளும் பதிலுக்குக் குத்துறாள், 'வாசலை ஏன் பாக்கேல்லை நீங்கள், வாசலை ஏன் பாக்கேல்லை?' எண்டு. அந்தப் பெட்டை அப்பிடிக் கத்தி நான் கேட்டதில்லை. இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை.

சரி. சரி, நீர் அப்பிடிப் பாக்காதையும். உப்புத்தான். எனக்குத் தெரியாதே? நான் என்ன விசரியே? உப்பு ஐஸை என்ன செய்யும் எண்டு இருபத்தெட்டு வருசமா என்ர வாசலில பாக்கிறன். ஆனா அங்க வாசலுக்குக் கீழ சீமேந்து, பிள்ளை. இஞ்ச வாசலுக்குக் கீழ ஏரி. அது என்ர மண்டையில ஏறேல்லை. ஆசுப்பத்திரிக் கட்டிலில கம்பிளிக்குள்ள நடுங்கிக்கொண்டு கிடக்கேக்கதான் ஏறிச்சுது. ரெண்டரைப் பை. ஒரு கதவடி இடத்துக்கு.

ஆரும் ஒருத்தர் சொல்லியிருக்கலாமே! யன்னலைத் திற, பெல்ட்டைக் கழட்டு, தள்ளி நட, உருளு. இத்தினை சட்டத்துக்குள்ள உப்புப் போடாதையும் எண்டு ஒரு சட்டம் இல்லை. நிரோஜா சொல்லுவாள், அப்பிடி ஒண்டை ஆரும் செய்வினம் எண்டு ஆரம்மா நினைப்பினம் எண்டு. இல்லை, அவள் சொல்லேல்லை. அவளுக்குத் தெரியாது. நான்தான் அவள் அப்பிடிச் சொல்லுவாள் எண்டு நினைச்சுப் பாத்தனான்.

ஆனா அவருக்குத் தெரியும். அங்கதான் எனக்குக் கொதி. கொட்டிலுக்குள்ள இருந்த சாமானெல்லாம் கரைக்குக் கொண்டுவந்தவர். நான் யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன். மிச்சம் இருந்த அரைப் பை உப்பு, அதைத் தூக்கினார். தூக்கிப்போட்டுத் திரும்பி, யன்னலில என்னைப் பாத்தார். ஒரு பார்வை. பேந்து குனிஞ்சுகொண்டு அதை வானுக்குள்ள வச்சார். ஒரு சொல் இல்லை! என்னட்டயும் இல்லை, அவளிட்டயும் இல்லை, உத்தியோகத்தரிட்டயும் இல்லை.

என்னத்துக்கு மறைக்கிறார்? ஆர் கேட்டது? மாமிக்கு உபகாரமோ? ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பன். 'மாமி, உங்களுக்கு மூளை இருக்கோ' எண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் திருப்பிக் குடுத்துப்போட்டு நிம்மதியாப் படுத்திருப்பன். இது அப்பிடியில்லை. அவர் பெரிய மனுசர், நான் சின்ன மனுசி. அவர் தொழிலை வித்து, பெண்சாதியிட்டப் பேச்சு வாங்கி, எனக்காகச் சிலுவை சுமக்கிறார், நான் அவற்ற வீட்டில இருந்து அவற்ற சோத்தைத் தின்னோணும். ஒன்பது நாள் பிள்ளை! அவர் அறையால வெளிய வாற நேரமெல்லாம் அவற்ற முகத்தைப் பாக்கிறன், சொல்லுவார் சொல்லுவார் எண்டு. சொல்லமாட்டார். அவ்வளவு நெஞ்சழுத்தம்.

நான் ஏன் சொல்லேல்லையோ? நல்ல கேள்வி கேட்டீர். நான் என்னெண்டு சொல்லுறது? மகளிட்டயோ? கை முறிஞ்சு கிடக்கிற மகளிட்ட, உன்ர மனுசன்ர தொழிலை நான்தான் கரைச்சனான் எண்டோ? அவர் சொல்லட்டும். தெரிஞ்சவர் சொல்லட்டும்.

என்ன?

இல்லை, என்ன கேட்டனீர், திரும்பிச் சொல்லும்.

அவருக்குத் தெரியும் எண்டு எனக்கு என்னெண்டு தெரியுமோ? நான் சொன்னனே, பையைத் தூக்கிப் பாத்தவர் எண்டு. பாத்தா விளங்காதே? கொம்பியூட்டர் படிச்ச மனுசன். உப்புப் பை, ஐஸ், துளை. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். உமக்கு விளங்கேல்லையே, நான் விரிப்பைச் சொன்ன உடன?

நான் சொன்னபடியால்தான் உமக்கு விளங்கினதோ. ம்.

இல்லைப் பிள்ளை, அவருக்குத் தெரியும். எனக்கு அவரைத் தெரியும். நாலு வருசம் கதைக்காட்டியும் தெரியும். நீர் நம்பேல்லை. உம்மட முகத்தில கிடக்கு. இரும், இப்பவே எடுத்துக் கேக்கிறன். உமக்கு முன்னாலயே கேக்கிறன். அந்த ரெலிபோனை எடுத்துத் தாரும், பையின்ர மேல் பொக்கற்றுக்குள்ள. இதில அவற்ற நம்பர் எங்க கிடக்கு? நான் அவருக்கு ஒருநாளும் எடுத்ததில்லை. 'சே' வில பாரும். நிரோஜா போட்டுத் தந்தவள்.

அடிக்குது.

ஹலோ. ஹலோ, நான்தான். மாமி. ஓம், பஸ்ஸிலதான். இல்லை, ஒண்டும் நடக்கேல்லை. நிரோஜாவிட்டக் குடுக்க வேண்டாம். உங்களோடதான் கதைக்கோணும். தம்பி, ஒரு கேள்வி. நீங்கள் ஏன் உப்பைப் பற்றி ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?

உப்பு.

நான் வாசலுக்குப் போட்ட உப்பு தம்பி. அந்தப் பை. நீங்கள் தூக்கினீங்களே, தூக்கிப்போட்டு யன்னலில என்னைப் பாத்தனீங்கள்...

என்ன? கருவாட்டுக்கோ?

பிள்ளை, இவர் என்ன சொல்லுறார் தெரியுமோ? மாமி கருவாடு போட உப்பு வாங்கி வச்சவ எண்டு நினைச்சவராம், பையில எழுதியிருந்ததை வாசிக்கேல்லையாம். கருவாடு போடக்கூட விடாமல் எல்லாம் நாசமாப் போச்சே எண்டு பாத்தவராம். அதுதானாம் அந்தப் பார்வை.

தம்பி, லைனில நில்லுங்கோ. நில்லுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ, குறுக்க கதையாதேங்கோ. நான்தான் போட்டனான். ஐஸ் உருக்கிற உப்பு. ரெண்டரைப் பை. அஞ்சு நாளா, நாளுக்கு மூண்டு தரம், வாசலிலதான், வேற ஒரு இடத்திலயும் இல்லை. விரிப்புப் போட்டு மூடினதும் நான்தான். நீங்கள் அளந்தது சரி. போர்டில எழுதினது சரி. உங்கட ஐஸில ஒரு பிழையும் இல்லை. விளங்குதோ? உங்கட கண்ணிலயும் பிழை இல்லை. ரெண்டு மணிக்கு வாற ஆக்களைத் திருப்பி அனுப்புங்கோ. கொட்டிலை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. கேக்குதோ தம்பி?

தம்பி?

ஹலோ?

ரெலிபோனை வைக்கவும் இல்லை. சத்தம் கேக்குது, மூச்சுச் சத்தம்.

ஆ, நிரோஜா. ஓம், நான்தான். என்ன? நான் ஒண்டும் சொல்லேல்லை அவருக்கு. நான் ஏசேல்லையடி! ஏன் கத்துறாய்? அவர் அழுதா நான் என்ன செய்ய? நான்... கேள் நிரோஜா, அவரிட்டக் கேள், நான் என்ன சொன்னனான் எண்டு. இல்லை, நான் போற வழியிலயும் நிம்மதியா விடேல்லை எண்டு நீ சொல்லாதை. அவரிட்டக் கேள். நான் லைனில நிக்கிறன்.

பாத்தீரோ பிள்ளை. வாழ்க்கையில முதல் தரம் அந்த மனுசனுக்கு நல்லது ஒண்டு சொன்னன், அதுக்கும் எனக்குத்தான் பேச்சு.